சப்வூஃபரை எவ்வளவு வைப்பது? மெயின் ஸ்பீக்கர்களோடு அதைச் சேர்க்கும் முறை

ஹோம் தியேட்டர் புதிதாக அமைத்தவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரைப் பற்றியது: "சப்வூஃபரை எவ்வளவு வைக்கணும்?" பதில்களும் தயாராகவே இருக்கும். பாதிக்கு வை, முக்கால்வாசிக்கு வை, பாட்டுக்குக் குறை, படத்துக்கு ஏற்று. சொல்கிறவர் தன் வீட்டில் சரிப்பட்டதைத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு வீட்டில் சப்வூஃபரின் ஒலி அளவுத் திருகு எங்கே நிற்கிறது என்பதை வைத்து இன்னொரு வீட்டுக்கு எதையும் சொல்ல முடியாது. அறையின் நீளம் வேறு, உட்காரும் இடம் வேறு, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரிலிருந்து வரும் சிக்னலின் பலம் வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல், கேள்வி 'எவ்வளவு' என்று தொடங்குவதுதான். சப்வூஃபர் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிறது, அல்லது இருப்பதே தெரியவில்லை என்று குறைப்படும் பல வீடுகளில் கோளாறு சத்தத்தின் அளவில் இருப்பதில்லை. சப்வூஃபரும் மெயின் ஸ்பீக்கர்களும் ஒலியைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், ரிசீவரின் மெனுவில் மிரட்டும் பெயர்களோடு இருக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றும் எதற்கு என்பது விளங்கிவிடும்.

## வேலையை ஏன் பிரிக்கிறோம்?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே அதிர்வெண். ஹெர்ட்ஸ் என்ற அலகில் அதைச் சொல்கிறோம். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பியானோவின் இடதுகோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 85-லிருந்து 180-க்குள் இருக்கும். இந்தக் கட்டுரையில் 'பேஸ்' என்று சொல்வது, ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை.

தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்புவது ஸ்பீக்கருக்குக் கடினமான வேலை. அதே அளவு சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எழுப்ப வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் தேவை; 20 ஹெர்ட்ஸில் 16. மெயின் ஸ்பீக்கரில் இருக்கும் சிறிய கூம்பால் இவ்வளவு ஓட முடியாது. ஓட முயன்றாலும், வசனத்தையும் வாத்தியங்களையும் சுமப்பது அதே கூம்புதான் என்பதால் அவையும் சேர்ந்து கலங்கும். அதனால்தான் அடிப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிய கூம்பும் தனி ஆம்ப்ளிஃபயரும் உள்ள சப்வூஃபரிடம் ஒப்படைக்கிறோம். சப்வூஃபரின் முதல் பயன் அதிக பேஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். மெயின் ஸ்பீக்கர்களின் பாரம் இறங்குவதும் அதே அளவுக்குப் பெரிய பயன். சரியாக அமைத்த சப்வூஃபரால் வசனம் தெளிவடைவதை நன்றாகவே கேட்கலாம்.

இந்த ஒப்படைப்பைத் தொடர் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஓட்டக்காரர் நின்ற பிறகு இரண்டாமவர் கிளம்புவதில்லை. கோல் கைமாறுவதற்கென்று தடத்தில் கொஞ்ச தூரம் குறித்திருப்பார்கள். அந்தத் தூரத்தில் இருவரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். அங்கே மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். கைமாறும் இடம் இருவருக்கும் பொருந்த வேண்டும், இருவர் வேகமும் சமமாக இருக்க வேண்டும், கை நீட்டும் நேரம் பொருந்த வேண்டும். மெயின் ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே இதே மூன்றும்தான்: இடம் என்பது கிராஸ்ஓவர், வேகம் என்பது ஒலி அளவு, நேரம் என்பது கட்டம். ஒரே ஒரு வித்தியாசம், இந்த ஓட்டம் நடக்கும் தடம் உங்கள் அறை. அந்தத் தடத்தில் மேடு பள்ளங்கள் உண்டு.

## கைமாறும் இடம்: கிராஸ்ஓவர்

எந்த அதிர்வெண்ணில் மெயின் ஸ்பீக்கரிடமிருந்து சப்வூஃபருக்கு வேலை கைமாறுகிறதோ, அதுவே கிராஸ்ஓவர். ரிசீவரில் 80 என்று வைத்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் குறையும். 80-க்கு மேலே ஏற ஏற சப்வூஃபருக்குப் போவது குறையும். கத்தியால் வெட்டியதுபோல் நிற்காது, சரிவாக இறங்கும். ஆகவே 80-க்கு மேலும் கீழும் கொஞ்ச தூரத்துக்கு இரண்டும் ஒரே ஒலியைச் சேர்ந்து எழுப்புகின்றன. இந்தச் சேர்ந்தோடும் பகுதியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

80 என்ற எண் பரவலாகப் புழங்குவதற்குக் காரணம் உண்டு. ஹோம் தியேட்டர்களுக்கான டி.எச்.எக்ஸ் தரநிலை இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அந்த ஒலியின் அலைநீளம், அதாவது ஒரு முழு அலை காற்றில் பிடிக்கும் தூரம், 4.3 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை இரண்டு காதுகளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எட்டுகிறது. அதனால் சப்வூஃபர் எந்த மூலையில் இருந்தாலும், பேஸ் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். கிராஸ்ஓவரை 120, 150 என்று உயர்த்தினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குள் போய்விடும். திரையில் பேசுகிறவரின் மார்புக் குரல் மட்டும் மூலையிலிருந்து வருவது காதுக்கு உடனே தெரியும்.

80-இல் தொடங்குங்கள். உங்கள் மெயின் ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் அதன் கீழ் எல்லை 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80 அல்லது 90 பொருந்தும். எல்லைக்கு மிக நெருக்கமாகக் கிராஸ்ஓவரை வைத்தால், கைமாறும் இடத்துக்கு வருவதற்குள்ளேயே முதல் ஓட்டக்காரர் களைத்துவிடுவார். கைக்கு அடக்கமான சின்னஞ்சிறு ஸ்பீக்கர்கள் 150-க்குக் கீழே ஒன்றும் எழுப்பாது என்றால் வேறு வழியில்லை, கிராஸ்ஓவர் அங்கேதான் இருக்க வேண்டும். அப்போது சப்வூஃபரை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு நடுவிலோ பக்கத்திலோ வைத்துவிடுங்கள். குரல் வேறு திசைக்கு விலகாது.

மெனுவில் 'ஸ்மால்', 'லார்ஜ்' என்று ஒரு தேர்வு வரும். உயரமான ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் 'லார்ஜ்' என்று வைத்துவிடுகிறார்கள். இது ஸ்பீக்கரின் உருவத்தைக் கேட்கும் கேள்வி இல்லை. 'ஸ்மால்' என்றால் "அடிப்பகுதியை வெட்டிச் சப்வூஃபருக்கு அனுப்பு" என்று பொருள். 'லார்ஜ்' என்றால் "வெட்டாதே, முழுவதையும் இந்த ஸ்பீக்கரே வாசிக்கட்டும்" என்று பொருள். நல்ல சப்வூஃபர் இருக்கும் வீட்டில் ஏறக்குறைய எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' ஆக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மெயின் ஸ்பீக்கர், சப்வூஃபர் இரண்டுக்கும் ஒரே பேஸை அனுப்பும் 'எல்.எஃப்.இ பிளஸ் மெயின்' என்ற தேர்வையும் தொடக்கத்தில் தொடாதீர்கள் (எல்.எஃப்.இ என்றால் என்ன என்பது அடுத்த பகுதியில்). கைமாறும் இடமே இல்லாமல் இருவரும் தடம் முழுக்க இடித்துக்கொண்டு ஓடுவதில் முடியும்.

சப்வூஃபரின் பின்புறமும் ஒரு கிராஸ்ஓவர் திருகு இருக்கும். ரிசீவர் வழியாக இணைத்திருந்தால் அதை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது 'எல்.எஃப்.இ' என்ற நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு, நடுவில் ஓட்டை விழும்.

## '.1' என்பது தனி ஒலித்தடம்

5.1 என்ற ஒலியமைப்பின் பெயரில் உள்ள '.1' சப்வூஃபரைக் குறிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது படத்தின் ஒலிப்பதிவில் உள்ள ஒரு தனித்தடம். அதன் பெயர்தான் எல்.எஃப்.இ (லோ ஃப்ரீக்வென்சி எஃபெக்ட்ஸ்). வெடிச்சத்தம், இடி, நிலநடுக்கம் போன்றவற்றுக்காக ஒலிக்கலைஞர்கள் அதில் தனியாகச் சேர்க்கும் தாழ்ந்த ஒலி அது. 120 ஹெர்ட்ஸ் வரை போகும்.

சப்வூஃபருக்குள் இரண்டு ஓடைகள் வந்து சேர்கின்றன. ஒன்று இந்த எல்.எஃப்.இ தடம். மற்றொன்று, மெயின் ஸ்பீக்கர்களிலிருந்து வெட்டி அனுப்பப்பட்ட பேஸ். இப்படித் திருப்பி அனுப்பும் வேலைக்குப் பேஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர். இரண்டு சேனல் பாட்டு கேட்கும்போது எல்.எஃப்.இ தடமே கிடையாது; இருந்தாலும் சப்வூஃபர் வாசிக்கிறது. அது முழுக்க இரண்டாவது ஓடைதான். இது தெரிந்தால் இரண்டு குழப்பங்கள் தீரும். மெனுவில் "எல்.எஃப்.இ-க்கான வடிகட்டி" என்று தனியாக வந்தால், அது கிராஸ்ஓவர் இல்லை, அதை 120-இலேயே விட்டுவிடுங்கள். எல்.எஃப்.இ தடம் மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) உரக்க ஒலிக்க வேண்டும் என்பது விதி. அதை ரிசீவரே உள்ளுக்குள் பார்த்துக்கொள்கிறது. அதைப் படித்துவிட்டுச் சப்வூஃபரை நீங்களும் 10 டெசிபல் உயர்த்தினால், படம் மட்டுமில்லை, பாட்டும் கெடும்.

இதுவரை பார்த்தது: மெயின் ஸ்பீக்கர்கள் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80-லிருந்து தொடக்கம், சப்வூஃபரின் சொந்தத் திருகு உச்சத்தில், எல்.எஃப்.இ வடிகட்டி 120-இல். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். நேரம் பிடிப்பது அடுத்தது.

## தடத்தின் மேடு பள்ளம்: அறை

அளவைத் திருகுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறுவதால்தான் பலர் மாதக்கணக்கில் திருகிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ எட்டரை மீட்டர். பெரும்பாலான அறைகளைவிட நீளம். இப்படிப்பட்ட அலை சுவரில் பட்டுத் திரும்பி, தன் பின்னால் வரும் அலையோடு கலக்கிறது. அறையின் நீளம் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும் அதிர்வெண்ணில் இந்தக் கலப்பு ஒரே இடத்தில் நிலைத்துவிடும். சுவர்களுக்கு அருகே ஒலி பெருத்தும், அறையின் நடுவில் மெலிந்தும் இருக்கும். இதை அறையின் ஒத்ததிர்வு என்கிறோம். 5 மீட்டர் நீள அறைக்கு அது 34 ஹெர்ட்ஸில் வரும். 4 மீட்டருக்கு 43-இல். அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாக உண்டு, இவற்றின் மடங்குகளும் உண்டு.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு நன்றாகத் தெரியும். அதே சப்வூஃபர், அதே திருகு நிலை. சோபா சரியாக அறையின் நடுவில் இருந்தால் சில சுரங்கள் காணாமல் போகும். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் பேஸ் ஊதிப் பெருத்து இரையும். ஒரு வீட்டில் பாதித் திருகு சரியாக இருப்பதும் இன்னொரு வீட்டில் அதுவே தாங்க முடியாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

சராசரியும் இங்கே ஏமாற்றும். 45 ஹெர்ட்ஸில் மட்டும் அறை 10 டெசிபல் கூட்டிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சத்தத்தை அளந்து மெயின் ஸ்பீக்கர்களுக்குச் சமமாக்கினால், மீட்டர் சரி என்று காட்டும். ஆனால் அந்த மொத்தத்தில் பெரும்பங்கு 45 ஹெர்ட்ஸ் மட்டுமே. மற்றப் பேஸெல்லாம் அதற்குக் கீழே அமுங்கிக் கிடக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரம் 'தும் தும்' என்று கேட்பது இதுதான். ஏற்றினால் அந்தச் சுரம் அடிக்கிறது, இறக்கினால் பேஸே இல்லை. எவ்வளவு திருகினாலும் இதற்கு விடை கிடைக்காது.

விடை இடமாற்றத்தில் இருக்கிறது. எளிய வழி ஒன்று சொல்கிறேன். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். கிராஸ்ஓவர் வரை பல சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பேஸ் கிட்டார் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுங்கள். அப்புறம், சப்வூஃபர் வைக்கத் தோதான இடங்களில் ஒவ்வொன்றாகப் போய்த் தரையோடு குனிந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கின்றனவோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். ஒலி எழுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அவற்றுக்கிடையே அறை செய்யும் வேலை மாறாது என்ற இயற்பியல் உண்மைதான் இந்த முறைக்கு அடிப்படை. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைவிடப் பயன்தரும் அரைமணி நேரம் இந்த வேலையில் வேறில்லை.

மூலையில் வைத்தால் பேஸ் அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. மூலை எல்லா ஒத்ததிர்வுகளையும் கிளப்பிவிடும் என்பதும் உண்மை. சிறிய சப்வூஃபருக்கு அது உதவலாம்; சுரத்துக்குச் சுரம் சமமாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சப்வூஃபரை நகர்த்தவே முடியாத வீட்டில் சோபாவை அரை மீட்டர் முன்னோ பின்னோ தள்ளிப் பாருங்கள், அதுவும் வேலை செய்யும்.

குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரால் சரிசெய்யலாமே என்று தோன்றும். மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளம் என்பது நேரே வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். அங்கே ஒலியை ஏற்றினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே ஏறும், அழிவும் அதே விகிதத்தில் நடக்கும். சப்வூஃபரின் ஆம்ப்ளிஃபயர் மூச்சிரைப்பதுதான் மிச்சம்.

## சம வேகம்: ஒலி அளவு

இடம் முடிவான பிறகுதான் அளவு. இந்த வேலையைக் காதிடம் முழுவதுமாக விட முடியாது. காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள்; பின்னாளில் மறுபடி அளந்து திருத்திய வளைவுகள் இன்று ஐ.எஸ்.ஓ 226 என்ற சர்வதேசத் தரநிலையில் இருக்கின்றன. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் என்பது மெதுவான ஒலி. அதே அளவு உரக்கத் தோன்ற, 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 80 டெசிபலுக்கும் மேல் தேவை. மொத்தச் சத்தத்தைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி சுருங்கும். இன்னொன்றும் உண்டு: பேஸ் பகுதியில் சில டெசிபல் மாற்றமே காதுக்குப் பெரிய மாற்றமாகத் தெரியும். சப்வூஃபர் திருகைக் கொஞ்சம் தொட்டாலே எல்லாம் மாறிவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான்.

ஆகவே முதலில் மீட்டரால் ஒரு நடுநிலையை அமைத்துக்கொள்ள வேண்டும். ரிசீவரின் மெனுவில் சோதனை ஒலி இருக்கும். 'ஸ்ஸ்' என்று இரையும் ஒலி அது. உட்காரும் இடத்தில், காதின் உயரத்தில், ஒலி அளவு மீட்டரை வையுங்கள். மீட்டரில் 'சி' என்ற நிலையையும் 'ஸ்லோ' என்ற நிலையையும் தேர்ந்தெடுங்கள். 'ஏ' நிலையில் வைத்தால் மீட்டர் பேஸைப் பெருமளவு கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பிச் சப்வூஃபரை ஏற்றியவர்களின் வீட்டில் ஜன்னல் அதிரும். கைப்பேசிச் செயலிகளிலும் கவனம் தேவை. அதன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, தாழ்ந்த ஒலியில் அதன் கணக்கை நம்புவது கடினம். யூ.எஸ்.பி-யில் இணையும் அளவீட்டு மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் அறையின் மேடு பள்ளங்களைக் கோடாகவே திரையில் பார்க்கலாம்.

முதலில் மெயின் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். எந்த எண் என்பதைவிட எல்லாம் ஒரே எண்ணில் இருப்பது முக்கியம். பிறகு சப்வூஃபரையும் அதே எண்ணுக்கு. சப்வூஃபரை அளக்கும்போது மீட்டர் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். அந்த ஆட்டத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்வூஃபருக்கு இரண்டு அளவுத் திருகுகள் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்று அதன் பின்புறத்தில், மற்றொன்று ரிசீவரின் மெனுவில். பின்புறத் திருகால் தோராயமாக அமைத்து, மெனுவால் நுணுக்கமாகச் சரிசெய்வது முறை. ஆடிஸி, டிராக் போன்ற தானியங்கி அளவீடு உள்ள ரிசீவராக இருந்தால், அது முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த மெனு எண்ணைத்தான். பல ரிசீவர்களில் இதன் எல்லை கீழே 12, மேலே 12. ரிசீவர் கழித்தல் 12 என்று காட்டினால் அது அளந்து கண்ட விடை இல்லை, எல்லையில் முட்டி நிற்கிறது. பின்புறத் திருகைக் குறைத்துவிட்டு அளவீட்டை மறுபடி ஓட விடுங்கள். எண் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வந்தால் போதும்.

இந்த நடுநிலை அமைந்த பிறகு, சொந்த விருப்பத்துக்குச் சப்வூஃபரை 3 டெசிபலோ அதற்குச் சற்று மேலேயோ ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. மெதுவாக வைத்துக் கேட்கும் வீட்டில் அது தேவையாகவே இருக்கும். மேலே சொன்ன காது வளைவுதான் காரணம். நடுநிலை தெரியாமல் ஏற்றுவதற்கும் தெரிந்து ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம், பிடிக்காவிட்டால் எங்கே திரும்ப வேண்டும் என்பது தெரிந்திருப்பது.

## கை நீட்டும் நேரம்: கட்டம்

இடம் சரி, அளவும் சரி. இருந்தும் 80 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பேஸ் உயிரில்லாமல் இருக்கிறது. மெயின் ஸ்பீக்கர் தனியாக நன்றாக இருக்கிறது, சப்வூஃபரும் தனியாக நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் மெலிகிறது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இது.

ஒலி அலை காற்றை மாறி மாறி அழுத்துகிறது, தளர்த்துகிறது. அந்தச் சுழற்சியில் ஒரு கணத்தில் அலை எங்கே இருக்கிறது என்பதே கட்டம். ஒரு முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொள்கிறோம். இரண்டு ஸ்பீக்கர்களின் அலையும் உங்கள் காதருகே ஒரே நேரத்தில் காற்றை அழுத்தினால் இரண்டும் கூடும். சம பலமுள்ள இரண்டு அலைகள் சேரும்போது 6 டெசிபல் ஏறும். ஒன்று அழுத்தும்போது மற்றொன்று தளர்த்தினால், அதாவது 180 பாகை விலகினால், ஒன்றையொன்று அழித்துவிடும். சேர்ந்தோடும் பகுதியில் ஒருவர் கை நீட்டும்போது மற்றவர் கையை இழுத்துக்கொண்டால் கோல் கீழே விழுவதைப் போலத்தான்.

80 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுழற்சியை முடிக்க 12.5 மில்லிநொடி ஆகிறது. அதில் பாதி தாமதம், அதாவது சுமார் 6 மில்லிநொடி, முழு அழிவுக்குப் போதும். தூரக் கணக்கில் அது 2.1 மீட்டர். மெயின் ஸ்பீக்கரைவிடச் சப்வூஃபர் 2 மீட்டர் தள்ளி இருப்பது எந்த வீட்டிலும் சாதாரணமாக நடப்பது. அதனால்தான் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் கேட்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி என்று கணக்கிட்டு, அருகில் இருப்பவற்றைத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி செய்கிறது.

பல சப்வூஃபர்களுக்குள் சிக்னலைப் பதப்படுத்தும் மின்னணுச் சுற்று இருக்கிறது. அதைக் கடந்துவரச் சில மில்லிநொடிகள் பிடிக்கும். தானியங்கி அளவீடு இந்தத் தாமதத்தையும் தூரமாக மாற்றிச் சேர்த்துவிடும். 3 மீட்டரில் இருக்கும் சப்வூஃபருக்கு ரிசீவர் 5 மீட்டர் என்று காட்டினால் அது பிழை இல்லை. டேப்பால் அளந்து அதை 3 என்று திருத்துகிறவர்கள், நல்ல மனதோடு கட்டத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அந்த எண் உண்மையில் நேரத்தைச் சொல்கிறது, மீட்டர் அதன் வேடம்.

கையால் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. முதலில் ஸ்பீக்கர் வயர்களின் கூட்டலும் கழித்தலும் இரு முனைகளிலும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மெயின் ஸ்பீக்கர் தலைகீழாக இணைந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். பிறகு கிராஸ்ஓவர் அதிர்வெண்ணிலேயே, அதாவது 80 ஹெர்ட்ஸில், ஒரு சோதனைச் சுரத்தை மெயின் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து வாசிக்க விடுங்கள். ரிசீவர் 'டைரக்ட்' நிலையில் இருக்கக் கூடாது. பல ரிசீவர்களில் அந்த நிலை பேஸ் மேனேஜ்மென்ட்டையே நிறுத்திவிடும்.

சப்வூஃபரின் பின்புறம் 'ஃபேஸ்' என்ற பெயரில் 0, 180 என்று ஒரு சுவிட்சோ திருகோ இருக்கும். அதை 180-இல் வையுங்கள். இப்போது மெனுவில் சப்வூஃபரின் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, மீட்டர் எங்கே மிகக் குறைவாகக் காட்டுகிறது என்று தேடுங்கள். அந்தத் தூரத்தை அப்படியே விட்டு, சுவிட்சை 0-க்குத் திருப்புங்கள். மிகக் குறைவாக இருந்த இடம் இப்போது மிக உரத்த இடமாக மாறும். உச்சத்தை நேரடியாகத் தேடாமல் ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், உச்சம் அகலமானது. பக்கத்தில் நகர்ந்தாலும் மீட்டர் அதிகம் மாறாது. அழிவு கூர்மையானது, இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக 60, 70, 90, 100 ஹெர்ட்ஸ் சுரங்களையும் ஒலிக்க விட்டுப் பாருங்கள். ஒரு முழு அலை தள்ளி, அதாவது 4.3 மீட்டர் தவறான தூரத்திலும், 80 ஹெர்ட்ஸ் மட்டும் பொருந்திவிடும். அப்படியானால் பக்கத்துச் சுரங்கள் விழுந்துவிடும். அவையும் நிமிர்ந்து நின்றால் கைமாற்றம் நன்றாக அமைந்துவிட்டது. அளவை மட்டும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். கட்டம் பொருந்தியதும் பேஸ் கூடியிருக்கும், ஒரு டெசிபலோ இரண்டோ குறைக்க வேண்டிவரலாம்.

சுருக்கமாக, வரிசை இது: சப்வூஃபர் வைக்கும் இடம், கிராஸ்ஓவர், அளவு, கட்டம், பிறகு விருப்பம். பேஸ் பிடிக்காதபோது இந்த வரிசையில் முதலிலிருந்து தேடுங்கள்.

## காதால் சரிபார்ப்பது

எண்களை முடித்த பிறகு, நன்றாகத் தெரிந்த பாட்டுகளைக் கேளுங்கள். படத்தின் வெடிச்சத்தம் இதற்கு உதவாது, அது எப்படி ஒலித்தாலும் நம்பும்படியாகத்தான் இருக்கும். பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் பகுதிதான் நல்ல சோதனை. ஒரே ஒரு சுரம் மட்டும் துள்ளினால் அறையின் ஒத்ததிர்வு. சப்வூஃபரின் இடத்துக்குத் திரும்புங்கள். கிராஸ்ஓவர் அருகே வரும் சில சுரங்கள் மட்டும் மங்கினால் கட்டம். பேஸ் முழுவதுமே சமமாகக் கூடவோ குறையவோ இருந்தால் மட்டுமே அளவு. கனத்த ஆண் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் கிராஸ்ஓவரை ஒரு படி இறக்கிப் பாருங்கள், அல்லது 100-க்கு அருகே ஒரு மேடு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

சப்வூஃபர் இருக்கும் திசை தெரிகிறதா என்பதும் நல்ல சோதனை. கிராஸ்ஓவர் 80-இல் இருந்தும் திசை தெரிந்தால், அது எழுப்பும் பேஸ் காட்டிக்கொடுப்பதில்லை. அதிகம் ஏற்றியதால் வரும் திரிபு ஒலி, காற்றுத் துளையின் சீறல், அருகே அதிரும் அலமாரிக் கதவு ஆகியவைதான் காட்டிக்கொடுக்கின்றன. இவற்றின் அதிர்வெண் உயர்ந்தது, அதனால் காது திசையைப் பிடித்துவிடுகிறது. அலமாரிக் கதவுக்கு ஒரு துண்டு ரப்பர் போதும்.

## ஒன்றுக்கு மேற்பட்ட இருக்கைகள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு இருக்கைக்கு. சோபாவின் நடுவில் அருமையாக இருப்பது ஓரத்தில் மெலிவதை எந்தத் திருகாலும் முழுவதும் போக்க முடியாது. ஒவ்வொரு இருக்கையும் தடத்தில் வெவ்வேறு மேட்டிலோ பள்ளத்திலோ இருக்கிறது. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி, ஃப்ளாய்ட் டூல் ஆகியோர் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டின. செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர்களை வைத்தால், அறையின் சில ஒத்ததிர்வுகள் ஒன்றையொன்று அடக்கி, இருக்கைக்கு இருக்கை வேறுபாடு குறைகிறது. ஒரு பெரிய சப்வூஃபரைவிட இரண்டு நடுத்தரமானவை பல வீடுகளுக்குப் பொருந்துவது சத்தத்துக்காக இல்லை, இந்தச் சமநிலைக்காக.

இரண்டு வைத்தால் முதலில் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே சப்வூஃபர் போல ஆக்குங்கள்: இரண்டின் அளவும் தனித்தனியாகச் சமம், இரண்டின் நேரமும் ஒன்று. அதற்குப் பிறகே மெயின் ஸ்பீக்கர்களோடு கட்டத்தைப் பொருத்த வேண்டும். சோபாவையோ சப்வூஃபரையோ நகர்த்தினால் அளவையும் கட்டத்தையும் மறுபடி அளக்க வேண்டும். கிராஸ்ஓவரும் 'ஸ்மால்' அமைப்பும் அப்படியே இருக்கலாம்.